எபனேசரின் மீதிப் பயிற்சி

வங்கிக் கிளையின் கடன் பிரிவில் எல்லோரும் விதிமுறைப் பயிற்சியைக் கணினியில் முடித்துவிட்டார்கள். பாக்கி இரண்டே பேர்: அகல்யாவும், ஒரு வரிகூட எழுதிவைக்காமல் போன மாதம் தன் உயிரை முடித்துக்கொண்ட எபனேசரும்.

"அவரு பேரை இன்னும் லிஸ்ட்லேர்ந்து எடுக்கலம்மா. நீங்களே முடிச்சு விட்ருங்க. சாயங்காலத்துக்குள்ள நூறு சதவீதம் காட்டணும்" என்று மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

அந்தக் கிளையில் எல்லோருடைய பாஸ்வேர்டும் எல்லோருக்கும் தெரியும். எபனேசருடையதைப் போட்டாள். அவர் விட்ட இடத்திலேயே திரை திறந்தது.

'விதியை மீறிக் கடன் கொடுக்க மேலதிகாரி வற்புறுத்தினால் யாரிடம் சொல்வீர்கள்?'

மூன்று முறை பதில் சொல்லியிருந்தார். மூன்று முறையும் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்.' மூன்றும் தவறு. ஒரே ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது.

மேலாளர் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சரியான பதிலைத் தானே அழுத்தினார். செத்தவர் பேருக்கு வாழ்த்தும் சான்றிதழும் வந்தன.

"இப்ப உங்களோடது" என்றார். நகரவில்லை.

அதே கேள்வி வந்தது. சரியான பதிலை அகல்யா இப்போதுதான் கண்ணால் பார்த்திருந்தாள். ஆனாலும் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்பதையே அழுத்தினாள்.

'தவறு. உங்களுக்கு இன்னும் மூன்று வாய்ப்புகள் உள்ளன' என்றது திரை.