தலையில் சாக்கு போட்டவர்

இருந்தவர்கள்: விண்வெளி நிலையத்தோடும் பேச முடிகிற ஹாம் ரேடியோ வைத்திருக்கும் ஜின்சன், அவன் அம்மா பிலோமி, நான். மேலே விண்வெளி நிலையத்தில் மூன்று பேர்.

சின்னக்கானலில் மாலை நான்கு மணி, மழை. நிலையம் எங்களுக்கு மேலே கடந்தபோது ரேடியோவில் ஆங்கிலக் குரல் கேட்டது. ஜின்சன் தமிழில் சொன்னான்.

"நிலையத்துக்கு வெளிய ஒரு ஆளு ஜன்னலத் தட்டுறானாம். தலையில சாக்காம், ஈரம் சொட்டுதாம். அங்க போயும் குடிக்கானுவ போலடே."

பிலோமி சிரிக்கவில்லை. போன மழைக்காலத்தில், குடித்துவிட்டு வந்த கணவர் சுவக்கீனுக்கு அவள் கதவைத் திறக்கவில்லை. விடிந்தபோது, தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டபடி வாசலில் விறைத்துச் செத்துக் கிடந்தார்.

அவள் மைக்கைப் பிடுங்கினாள். "உள்ள வாங்க. நனையாதீங்க."

"இப்ப ஆளக் காணலியாம்," என்றான் ஜின்சன்.

பிலோமி எழுந்து வாசல் கதவைத் திறந்தாள். ஒருவர் கால் துடைத்துக்கொள்ளும் நேரம் ஒதுங்கி நின்றாள். பிறகு கதவைச் சாத்திப் பூட்டினாள்.