தும்மல் அண்ணனுக்கு இரண்டு மாதக் கெடு

இது நான் நேரில் பார்த்தது இல்லை. அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் தோழி சொன்னது. அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு இருபது வருடமாக அவர்தான் பொறுப்பு. 'தும்மல் அண்ணன்' என்று கேட்டால் வாட்ச்மேனே வழி காட்டுவார்.

தூசி அலர்ஜி. மூக்குதானே, ஒழுகிவிட்டுப் போகட்டும் என்று அவர் விட்டுவிட்டார். அது அவரை விடவில்லை. இரவெல்லாம் வாயால் மூச்சு, குறட்டை, அரைகுறைத் தூக்கம். பகலில் கோப்பின் மேலேயே தலை சாய்ந்துவிடும். காதும் அடைத்துக்கொண்டதால் மூன்று தடவை கூப்பிட்டால்தான் "என்னது?" என்பார். கடைசியில் வாசனையும் போனது.

அதில் ஒரே ஒரு லாபம், டைப்பிஸ்ட் அக்காவுக்கு. அக்கா எல்லோருக்கும் சேர்த்துக் கொண்டுவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மற்றவர்களுக்கு அவசரமாகப் போன் வரும். மேனேஜருக்கு வாரத்தில் ஐந்து நாளும் வயிறு சரியிருக்காது. தும்மல் அண்ணன் மட்டும் உட்கார்ந்து, வழித்துச் சாப்பிட்டு, "பிரமாதம்மா" என்பார். பாவம், எல்லோருக்கும் எவ்வளவு வேலை என்று அக்கா நினைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் கோப்பு அறையின் மின்விசிறி கருகியது. வராண்டா வரை நாற்றம். மேனேஜர் பதறி ஓடிப் பார்த்தால், அண்ணன் அதன் அடியிலேயே நிம்மதியாகத் தும்மிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு மாதத்தில் டாக்டரைப் பார்த்து மூக்கைச் சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வாசல் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதுதான். அண்ணனுக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதென்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கே டாக்டரிடம் ஓடினார்.

கெடு முடிந்த திங்கட்கிழமை, மேனேஜர் கோப்பு அறைக்குப் போனார். அண்ணன் வாயை மூடி, கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை கூப்பிட்டதுமே திரும்பினார். மேனேஜருக்குப் பரம திருப்தி. எதற்கும் மதியமும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று சாப்பாட்டு அறை வாசலில் வந்து நின்றார்.

அன்று யாருக்கும் போன் வரவில்லை. எல்லோரும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள்.

"மூக்கு தெறந்துடுச்சாமே அண்ணே? இன்னிக்குத்தான் என் சமையலை வாசனையோட சாப்பிடப் போறீங்க. உங்களுக்காக ஸ்பெஷலா ஒரு சூப் வெச்சிருக்கேன்" என்று அக்கா மூடியைத் திறந்தாள்.

மேனேஜர் இரண்டு அடி பின்வாங்கினார்.

அண்ணன் ஒரு கரண்டி குடித்தார். முகம் சிவந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது.

அக்காவின் சிரிப்பு வாடியது. "என்னண்ணே, நல்லா இல்லையா?"

அண்ணன் கர்ச்சீப்பால் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "அட, அதில்லம்மா. இந்தப் பாழாப்போன அலர்ஜி. மருந்துக்கு மசியவே இல்ல. சூப்பு எப்பவும் போலப் பிரமாதம். இன்னும் கொஞ்சம் ஊத்து."

"அப்போ மூக்கு?" என்றார் மேனேஜர் வாசலிலிருந்து.

அண்ணன் அவரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "அடைச்சேதான் சார் இருக்கு."

மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் தன் முன்னால் குணமான மாதிரி நடித்திருக்கிறார், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று முடிவு கட்டினார். சாயங்காலமே அண்ணனை வாசல் மேசைக்கு மாற்றிவிட்டார். இப்போது அங்கேதான் திக்கித் திணறி எல்லோருக்கும் வழி சொல்கிறார். மணி ஒன்றானால் மட்டும் சாப்பாட்டு அறைக்கு வந்துவிடுகிறார்.

தன் உடம்பின் மேல் இத்தனை அலட்சியமா என்று எனக்கும் கோபம்தான். ஆனாலும் விசாரிக்காமல் எழுத மனம் வரவில்லை. அவர் வழக்கமாகப் போகும் மருந்துக்கடையில் கேட்டேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு கடைக்கு வந்தவர், உள்ளறையில் இருமல் மருந்து பாட்டில் உடைந்திருப்பதை வாசலில் நின்றே மோப்பம் பிடித்துச் சொன்னாராம். மறுவாரத்திலிருந்து குமட்டலுக்கும் மருந்து வாங்குகிறாராம்.