உடனுக்குடன் பதில்

எதிரே புது சலூன் முளைத்ததிலிருந்து நம் சலூன்காரருக்குத் தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை. பாதி வாடிக்கை அங்கே போய்விட்டது.

"முகநூல்ல ஒரு பக்கம் திறங்கண்ணே. யார் என்ன கேட்டாலும் அந்த நிமிஷமே பதில் போட்டுடணும்" என்று தொழில்காரர்கள் குழுவில் ஒருவர் ஓதினார். இவருக்கு அது வேதவாக்காகிவிட்டது. குளிக்கப் போனாலும் கைபேசி சோப்புப் பெட்டியில்தான் இருக்கும்.

இன்று மட்டும் ஒரு நாற்பது கேள்விகளுக்காவது பதில் போட்டிருப்பார். அடுத்து கைபேசியில் ஒரு புது ஆள் வந்தார்.

"கடை திறந்திருக்கா?"

ஒரு கையில் கத்தியிருக்க, மறு கையின் கட்டைவிரல் பறந்தது. "திறந்தே இருக்கு சார்."

"கூட்டமா?"

"ஈ காக்கா இல்லை சார். வந்ததும் உட்கார வேண்டியதுதான்."

"எதிர்க் கடை எப்படி?"

"அவன் வாயாலயே ஷேவ் பண்ணுவான் சார். நம்ம கடையில வேலைதான் பேசும்."

"காக்க வைக்க மாட்டீங்களே?"

"கஸ்டமர் தெய்வம் சார். பாதியில விட்டதா சரித்திரமே இல்லை. எப்ப வர்றீங்க?"

"வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு. இடது கன்னம் முடிஞ்சுது. வலது கன்னத்துல நுரை காய்ஞ்சு ஓடா நிக்குது. கொஞ்சம் தலையைத் தூக்குங்க."

சலூன்காரர் தலையைத் தூக்கினார்.

பாதி முகம் பளபளக்க, கழுத்தில் கட்டிய துணியோடு ஒருவர் தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.