கருவாட்டுக்கு நின்ற லாரிகள்

துறைமுகச் சாலையோரம் சகாயமேரியின் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் புகை மீட்டர் சிவந்தால், எதிரே துறைமுகத்தின் லாரி கேட் தானாக மூடிக்கொள்ளும். ஒரு காலத்தில் தினம் பத்துத் தடவை மூடிய கேட், லாரிகள் புகை கக்குவது குறைந்ததால் இப்போது எட்டு மாதமாக மூடவேயில்லை. அந்தத் தைரியத்தில்தான், கல்யாணமாகி வந்த நாள்முதல் சாத்தியே கிடந்த அடுப்படி ஜன்னலை இன்று திறந்துவைத்துச் சமைத்தாள். சற்றைக்கெல்லாம் மீட்டர் சிவந்து, நாற்பது லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன.

ஓடிவந்த துறைமுக அதிகாரி மீட்டரைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார்.

“லாரிமேல தப்பில்லம்மா. நீங்க வறுக்கிறதுதான்.”

சகாயமேரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அவங்க புகைய நான் இருபது வருசம் முழுங்கினேன் சார். என் புகைக்கு அவங்க பத்து நிமிசம் நிக்கட்டும்.”

முதல் லாரியின் டிரைவர் தலையை நீட்டினார்.

“யக்கா, நெத்திலிக் கருவாடுதானே? இங்கவரைக்கும் மணக்குது.”