வாசலில் கிடந்தவன்

சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி ராஜகுரு பேப்பரை நகர்த்தினார். பால்ச்சாமி பேனாவைத் தொடவில்லை. வரிமேல் விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தான்.

மூன்றே வரி இங்கிலீஷ். நூல் மில் ஆபீசில் எழுத்தராக இருக்கும் ராஜகுரு, அவன் முடிக்கும்வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால்ச்சாமி அந்த மில்லில் பஞ்சு மூடை தூக்குகிறவன். நாற்பத்திரண்டு வயதில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றவன். அதோடு விடாமல், மகள் சத்யபிரியாவின் புத்தகத்தை வைத்து இங்கிலீஷையும் தடவிக்கொண்டிருந்தான்.

பெரிய சொல்லெல்லாம் மடங்கி வந்துவிட்டது. சின்னச் சொல்தான் ஆளைப் படுத்தியது. 'இன்' என்றால் உள்ளே. 'அட்' என்றால் அந்த இடத்தில். உள்ளேயும் இருக்கலாம், வாசலோடு நின்றாலும் சரிதான்.

அவனோடு மூடை தூக்கிய மொக்கையன் செத்தது 'அட் த மில்' என்று போட்டிருந்தது.

'இன் த மில்' என்று தேடினான். எங்கும் இல்லை.

உள்ளே செத்தால் அவன் பெண்டாட்டி தங்கம்மாளுக்கு மில்லில் வேலை உண்டு. ஷிப்டுக்கு வந்தவன் வாசலில் நெஞ்சடைத்து விழுந்தான் என்றால் ஒன்றும் கிடையாது. லேபர் ஆபீசர் கேட்டால் இந்த ஒரு சொல்லை எந்தப் பக்கமும் சாய்த்துக்கொள்ளலாம்.

"இது 'இன்'னுல்ல சார் இருக்கணும்."

ராஜகுரு சிரித்தார். "மூடை தூக்குறவுகள்லாம் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தாறீகளோ? ரெண்டும் ஒரே மில்லுதானப்பா. போடு."

பால்ச்சாமி வரியிலிருந்து விரலை எடுத்தான். பஞ்சு அம்பாரம் சரிந்து அதற்கடியில் மூச்சுமுட்டிச் செத்தவனை எழுத, இவர்களுக்கு ஒரு வழுக்குகிற சொல் வேண்டியிருக்கிறது.

"வாசல்ல விழுந்தவன் மூக்குக்குள்ள பஞ்சு எப்படி சார் போச்சு?"

ராஜகுருவின் சிரிப்பு நின்றது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சரி, உள்ளேன்னே எழுதுறேன். பெறகு வாசலுக்கு எப்படி வந்தான்னும் எழுதணுமே. அதையும் எழுதட்டா?"

ஜன்னலுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டுத் தகரத்தின் ஒட்டு நிழலில் தங்கம்மாள் நின்றாள். காலையில் பால்ச்சாமியைப் பார்த்ததும், நீங்க இருக்கீகல்ல அண்ணே, போதும் என்றிருந்தாள். அந்தச் சொல் இப்போது அவனுக்குச் செருப்படியாகப் பட்டது.

பால்ச்சாமி பேனாவை எடுத்தான். ராஜகுரு மூச்சுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

பேப்பரை மறுபக்கம் திருப்பினான். ஒவ்வோர் எழுத்தாக, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தித் தமிழில் எழுதினான்.

'மொக்கையன் செத்தது உள்ளே. சூப்பர்வைசர் தூக்கச் சொன்னார். தலைப்பக்கம் பிடித்துத் தூக்கிவந்து வாசலில் போட்டது நான். பால்ச்சாமி.'