அளவுக்கு ஓர் ஆள்

படிக்கட்டின் கைப்பிடியை அண்ணன் தன் கையாலேயே கழற்றினான். அவன் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"படம் எடுக்கிற வரைக்குந்தான். இது இருந்தா படிக்கட்டோட கோடே கெட்டுப்போகுது" என்றான்.

அம்மாவுக்காக நான் ஆள் வைத்துப் போட்ட கைப்பிடி அது. போட்ட நாளிலிருந்து, சாப்பாட்டில் முடி கிடந்த மாதிரி ஒரு முகத்தோடுதான் வீட்டுக்குள் வருவான்.

அண்ணன் பெரிய ஆர்க்கிடெக்ட். எப்போதோ செத்துப்போன நாலு மேதைகளின் பெயரைச் சொல்லாமல் ஒரு ஜன்னல்கூட வைக்க மாட்டான். அம்மாவுக்கு அவன் கட்டிய இந்த வீட்டில் அதுவும் வைக்கவில்லை, வெளிச்சுவரே கண்ணாடி.

கூரை ஒழுகியது. அதற்கு 'மழையோடு பேசும் கூரை' என்று பெயர். சமையலறையில் அலமாரி கிடையாது, பாத்திரமெல்லாம் தரையில். அதற்கு 'எளிமை' என்று பெயர்.

படிகள் சுவரிலிருந்து ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தன, அடியில் ஒன்றும் இல்லாமல். அம்மாவின் படுக்கை மாடியில். கீழே போட்டால் கூடம் சுருங்கிவிடுமாம்.

அம்மா கேட்டது, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை. அவ்வளவுதான்.

இதற்கு 'அம்மாவுக்கு ஒரு வீடு' என்று பெயர் சூட்டி விருதுக்கு அனுப்பப் போகிறான். அதற்குத்தான் இந்தப் படப்பிடிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மருந்துப் பெட்டி, ஊன்றுகோல், செருப்பு, எண்ணெய்க் கறை படிந்த தலையணை, எல்லாவற்றையும் வாரி என் காருக்குள் திணித்தார்கள். வீட்டில் யாருமே குடியில்லை என்று ஆன பிறகுதான் அண்ணன் முகத்தில் சிரிப்பு வந்தது.

புகைப்படக்காரர் கேமராவுக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மொட்டையாக இருக்கிறதாம், படிக்கட்டின் உயரமே தெரியவில்லையாம். அளவு காட்ட ஓர் ஆள் இறங்கி வந்தால் நன்றாக இருக்கும், முகம் தெரியாது, உருவம் மட்டும் புகை மாதிரி விழும் என்றார்.

நான் இறங்குகிறேன் என்றேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவன் படிக்கட்டுக் கோட்டுக்கு என் உடம்பு கொஞ்சம் அதிகம்.

அம்மாவைக் கூப்பிட்டான்.

பிடிமானம் இல்லாமல் அவளால் முடியாது என்று கத்தினேன். சுவரோரமாக வரட்டும் என்றான். அதற்குள் அம்மா மேல்படியில் நின்று தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். மகன் கூப்பிட்டுவிட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது.

மூன்று படம் எடுத்தார்கள். மூன்றாவதோடு அன்றைய வேலை நின்றது.

பத்திரிகை அட்டையிலேயே வந்தது. 'ஒளியில் கரைந்து இறங்கும் உருவம்' என்று எழுதினார்கள். புவியீர்ப்பையே மறக்கடிக்கும் படிக்கட்டு என்று நடுவர் ஒருவர் உருகினார். விருதும் வந்தது. அண்ணன் அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, அலுவலக வாசலில் மாட்டியிருக்கிறான்.

அம்மா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். மல்லாந்துதான் படுக்க வேண்டும், புரளக் கூடாது. படத்தைப் பார்க்கணும் என்று நச்சரித்ததால், பத்திரிகையை அவள் முகத்துக்கு மேலே விரித்துப் பிடித்தேன்.

விரலை வைத்துத் தன்னைத் தேடினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"காலு படியிலேயே இல்லையேடி. விழுறப்போ எடுத்ததா இது? அவன்கிட்ட சொல்லிடாத, தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுபோயிடுவான்."

சரி என்று தலையாட்டினேன்.

மற்ற இரண்டு படங்களிலும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் நிற்கிறாள். மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்து, ஒரு முழு மாலை யோசித்து, அட்டைக்கு இதைத் தேர்ந்தெடுத்தவன் அண்ணன்தான்.