ஒன்றாம் தேதி நகல்

செப்டம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. தமது வீட்டில், தமது அறையில், தாம் தூசி தட்டிப் பேணிவரும் கணினியில், தம்மைத் தலைகுனிய வைக்கக்கூடிய பதிவு ஒன்றைத் தம் மனைவியே ஏற்றி வைத்துவிட்டார் என்பதுதான் ஓய்வுபெற்ற காப்பீட்டு அதிகாரியின் குறை. இதனைவிடப் பெரிய துரோகம் ஒரு குடும்பத்தில் நிகழ முடியாது என்று அவர் கருதினார்.

மனைவி காலையிலேயே தம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் காவல் துறையில் ஆய்வாளர். பிற்பகலில் தொலைபேசி ஒலித்தது.

"அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேங்க. கண்ணால பார்த்தாத்தான் நம்புவாராம். சாயங்காலம் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல கை வைக்காதீங்க."

அவர் ஏற்கெனவே கை வைத்திருந்தார். மனைவி தெருமுனையைத் தாண்டியதுமே அந்தப் பதிவை அழிக்க முயன்றார், அது அழியவில்லை. ஆத்திரத்தில், தமக்குப் பெயர் விளங்காத கோப்புகளையெல்லாம் ஒன்றுவிடாமல் நீக்கினார். பின்னர் கணினியை அணைத்துப் போட்டபோது அது எழவேயில்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவர் அவசரமாக அழைத்த கணினி பழுதுபார்க்கும் பெண், தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டியபடியே வந்தார். திரையைப் பார்த்தார், பிறகு அதிகாரியைப் பார்த்தார்.

"என்ன சார் பண்ணீங்க? சிஸ்டத்தையே குதறி வச்சிருக்கீங்க!"

"தானாப் போச்சும்மா."

"தானாப் போறது இப்படிப் பொறுக்கிப் பொறுக்கிப் போகாது சார். பேக்கப் இருக்கா?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. ஆயுள், வீடு, வாகனம் என ஊரார் உடைமைக்கெல்லாம் காப்பு எழுதிக்கொடுத்தவர், சொந்தக் கணினியை விட்டுவைப்பாரா? மாதந்தோறும் ஒன்றாம் தேதி, இயங்குதளத்தையும் கோப்புகளையும் ஒருசேர ஒரு தனி வட்டில் நகலெடுத்து, அந்த வட்டினைக் கம்பளிக் குல்லாய்க்குள் பொதிந்து அலமாரியில் வைத்துவிடுவார். வட்டு சிறியது, புது நகல் ஏறினால் பழைய நகல் அழிந்துவிடும். 'முக்கியமானது எது நடந்தாலும் உடனே நகல் எடு' என்று மனைவிக்கும் ஓயாமல் பாடம் நடத்துவார். அந்த அம்மையார் கொட்டாவி விடுவார்.

"இந்தாங்கம்மா, ஒண்ணாந் தேதி எடுத்தது. இதைப் போட்டா என்ன ஆகும்?"

"பேக்கப் எடுத்தப்ப மிஷின் எப்படி இருந்துச்சோ, அச்சு அசலா அப்படியே வந்துடும். அதுக்கப்புறம் ஏறினது எதுவும் இருக்காது. பரவாயில்லையா?"

"அதுதாம்மா வேணும்!"

அவர் சொன்ன வேகத்தில் பெண்ணின் புருவம் உயர்ந்தது.

"அம்மாவோடது ஏதாவது இருந்தா?"

"அவளோடதுதான் போகணும். தடயமே இருக்கக் கூடாது. அவ அண்ணன் போலீஸ்காரர். தோண்டித் துருவிப் பார்ப்பார்."

"சார், நாளைக்கு என்னைச் சாட்சிக்கூண்டுல ஏத்திட மாட்டீங்களே? எனக்கு லீவே கிடையாது."

"வேலையைப் பாருங்கம்மா."

"இதுல ஒரே ஒரு பேக்கப்தான் இருக்கு. தேதியை ஒரு தடவை பாத்துக்கிறீங்களா?"

"நான் எடுத்தது எனக்குத் தெரியாதா? போடுங்க, போடுங்க!"

போட்டார். திரையில் பச்சைப் பட்டை ஆடி அசைந்து நகர்ந்தது. அதிகாரி சன்னலுக்கும் நாற்காலிக்குமாக அலைந்தார். நடுநடுவே குனிந்து பட்டையைப் பார்த்தார்.

"முறைச்சா வேகமாப் போகாது சார்."

ஒருவழியாகப் பட்டை நிறைந்தது, கணினி எழுந்தது. அதே வேளையில் வாசலில் வண்டி நிற்கும் ஓசை கேட்டது. அதிகாரி வட்டினைக் குல்லாய்க்குள் திணித்து, அலமாரியை அறைந்து சாத்தினார்.

ஆய்வாளர் சீருடையிலேயே வந்திருந்தார். அவருக்குப் பின்னால் மனைவி.

"என்ன மாப்ள, இப்படி வேர்த்துக் கொட்டுது? இவங்க யாரு?"

"புழுக்கம் மச்சான். இவங்க... கம்ப்யூட்டரைத் தூசி தட்ட வந்தாங்க."

"நல்லாவே தட்டிட்டேன்," என்றார் பழுதுபார்க்கும் பெண்.

"இத்தனை வருஷமா எங்கிட்ட என்ன பேச்சுப் பேசியிருக்கீங்க மாப்ள! தங்கச்சி சொன்னப்ப என்னால நம்பவே முடியலை. எங்கேம்மா, காட்டு."

"தாராளமாப் பாருங்க மச்சான். அங்க ஒண்ணும் இருக்காது. அவ கனவு கண்டிருப்பா."

மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். சுட்டியை இரண்டு முறை தட்டினார். ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வாக்குமூலம் வாசிக்கும் குரலில் திரையை வாசித்தார்.

"சீட்டாட்டம். அதிகப் புள்ளிகள். முதலிடம், என் தங்கச்சி. ரெண்டாமிடம், நம்ம மாப்பிள்ளை. அடேயப்பா! எப்ப வந்தாலும் என்னை உட்கார வச்சு, 'இந்த முதலிடத்தை அசைக்க ஆள் பொறக்கணும் மச்சான்'னு சொல்வீங்களே! உங்க வீட்டுலயே இருந்திருக்காளே!"

அதிகாரி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அது... அது எப்படி இன்னும் இருக்கு?"

"ஏன் இருக்காது?" என்றார் மனைவி. "'முக்கியமானது எது நடந்தாலும் உடனே பேக்கப் எடு'ன்னு நீங்கதானே உயிரை எடுப்பீங்க? புதன்கிழமை ஜெயிச்ச கையோட எடுத்து, உங்க குல்லாயிலேயே பத்திரமா வச்சிட்டேன்."

பழுதுபார்க்கும் பெண் அவசரமாகத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். உள்ளே சிரிப்பது வெளியே தெரியாதென்று அவர் நினைத்தார்.

வாசகரே, உடனே எழுந்து போய், உம் வீட்டுக் கணினியின் நகலைக் கடைசியாக எடுத்தவர் யார் என்று பாரும். தடயங்களைப் பிறகு அழித்துக்கொள்ளலாம்.